கரும்புக் கொல்லையில் அக்கா குடிக்காத தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன்னால், மாசி மாதம். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு கரும்புக் கொல்லை. விடிந்தும் விடியாத நேரத்தில், அங்கே வெட்டுக்கு வந்திருந்த பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மார்பைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த வரிசையில் என் அக்காவும் நின்றிருந்தாள்.

நான் ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் டெக்னீஷியன். டிப்ளமோ முடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. சர்க்கரையும் இல்லாமல், ரத்தக் கொதிப்பும் இல்லாமல், வயல் வேலை செய்கிறவர்களுக்குச் சின்ன வயதிலேயே சிறுநீரகம் கெட்டுப்போகிறதே, அது ஏன் என்பதுதான் அவர்கள் தேடி வந்த கேள்வி. கடும் வெயிலில் விடாமல் உழைத்து, உடம்பு திரும்பத் திரும்ப வற்றிப்போவது ஒரு காரணமாக இருக்குமோ என்று பார்க்க வந்தார்கள். ஊர் ஜனங்களோடு பேசத் தெரிந்த டெக்னீஷியன் வேண்டும் என்றார்கள். நான் சேர்ந்துகொண்டேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா முன்பே போய்விட்டார், நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவும் இறந்துவிட்டாள். அக்கா அப்போதுதான் கல்யாணமாகி, நைனார்பாளையம் பக்கம் போயிருந்தாள். புகுந்த வீட்டுக்குப் போன கொஞ்ச நாளிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டாள். மாமா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இரண்டு பேருக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. கரும்புப் பருவத்தில் வெட்டுக்குப் போவார்கள், மற்ற நாட்களில் கிடைக்கிற வேலைக்குப் போவார்கள். மாமா வெட்டுவார், அக்கா கரும்பின் காய்ந்த இலையான சோகையைக் கழித்துக் கட்டுக் கட்டுவாள். பள்ளிக்கூட லீவில் நானும் கூடப் போய்க் கட்டுக் கட்டியிருக்கிறேன். அந்தக் கரும்பில்தான் நான் படித்தேன். அவர்களுடைய ஒரே மகளை எலவனாசூர்கோட்டையில் கட்டிக் கொடுத்ததும் அதில்தான்.

அன்றைக்குப் பட்டையைக் கட்டும்போது அக்கா நெளிந்தாள்.

"இன்னாடி இது, மாட்டுக்குக் கட்ற மாரி கட்ற?"

"நெஞ்சு எப்டி அடிக்குதுன்னு இது கணக்கு எடுக்கும்க்கா."

"அது பாட்டுக்கு அடிச்சிக்கினுதான் கீது. இல்லாங்காட்டி நான் எப்டி நின்னுக்கினு கீறன்?"

வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மலையிலிருந்து இறங்கி வந்து வெட்டும் புருஷன் பெண்டாட்டி ஜோடிகளும் அந்தச் செட்டில், அதாவது வெட்டு ஆட்களின் கூட்டத்தில், இருந்தார்கள். அவர்கள் முதலில் பயந்தார்கள். அக்கா கட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டு அவர்களும் வந்தார்கள். ஆனால் ரத்தம் கொடுக்கச் செட்டில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. வற்புறுத்தக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அக்கா கையை நீட்டினாள். தங்கச்சி வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், அவளுக்கு ஒரு கெட்ட பேர் வரக்கூடாது என்பதுதான் அவள் கணக்கு.

குழுவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். உடம்பு கடுமையாக உழைக்கும்போது இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் எப்படிச் சமாளிக்கின்றன என்பதுதான் அவர் படிப்பு. அதுவரைக்கும் ஓட்டப்பந்தய வீரர்களை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்திருக்கிறார். வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, முடித்துவிட்டு வந்ததும் ஒரு தடவை எல்லாரையும் எடை பார்த்தோம். சாயங்காலம் பட்டைகளைக் கழற்றிக் கணக்கை லேப்டாப்பில் ஏற்றியதும் டாக்டர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுறவங்ககூடக் கொஞ்ச நேரம் ஓடிட்டு நின்னுடுவாங்க. இவங்க காலையிலேருந்து நிக்கவே இல்லையே" என்றார்.

மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப எங்களுக்கும் மெடலு குடுப்பாங்களா மேடம்?" என்றார். டாக்டரும் சிரித்தார். ஆனால் அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு தங்கவில்லை.

எடுத்த ரத்தத்தையெல்லாம் ஐஸ் பெட்டியில் வைத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து மெஷினில் போடுவது என் வேலை. குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் அக்காவின் குழாயில் லேபிளை ஒட்டியவளே நான்தானே. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு, இருக்க வேண்டியதைவிட ரொம்ப அதிகமாகத் திரையில் வந்தது. நான் மெஷினில்தான் கோளாறு என்று நினைத்தேன். சரிபார்ப்பு மருந்தை ஊற்றி மெஷினைச் சோதித்தேன். மெஷின் சரியாக இருந்தது. அக்காவின் ரத்தத்தை மறுபடியும் போட்டேன். அதே அளவுதான் வந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். எண்ணைச் சொன்னேன். அது யார் என்றும் சொன்னேன். அவர் அளவை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நாளைக்கு நானே வர்றேன். இன்னொரு தடவை ரத்தம் எடுத்து உறுதிப்படுத்திக்குவோம். நான் வந்து சொல்றேன். நீங்க தனியா இதைச் சொல்ல வேண்டாம், சரியா?" என்றார்.

சொல்லாமல் வீட்டுக்குப் போவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தவள், எந்த ஊர் வந்தது, எது போனது என்று தெரியாமல் நைனார்பாளையத்தில் கண்டக்டர் சத்தம் போட்டபிறகுதான் இறங்கினேன். அக்கா களி கிண்டிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையை எடுத்தாள். வெட்டுக்குப் போய் வருகிறவர்கள் எல்லாரும் உடம்பு வலிக்குப் பெட்டிக்கடையில் வாங்கிப் போடும் மாத்திரை அது. நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டென்று அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"இன்னிக்கு வாணாம்க்கா."

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான். வெறும் வயித்துல போடக்கூடாது."

"இப்பதான துன்னன்?"

அக்கா என் முகத்தையே பார்த்தாள். பிறகு மாத்திரையைத் திரும்பவும் முடிச்சில் வைத்து, "சரி, வாணாங்கிற. வுடு" என்றாள்.

மறுநாள் டாக்டர் வந்தார். மறுபடியும் ரத்தம் எடுத்தோம். ஸ்கேனும் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, எங்கள் வீட்டில் பாயில் உட்கார்ந்துதான் டாக்டர் அக்காவிடமும் மாமாவிடமும் சொன்னார். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருக்கிறது, பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை என்றார்.

"எனக்கு வலிக்கவே இல்லியே மேடம்" என்றாள் அக்கா.

"வலிக்காதும்மா. அதான் இதுல கஷ்டமே. ரொம்பக் கெட்டுப்போற வரைக்கும் ஒண்ணும் தெரியாது."

மாமா, "மாத்தர போட்டா சரியாப் பூடுங்களா?" என்று கேட்டார்.

"கெட்டுப்போனது திரும்பாதுங்க. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். அந்த வலி மாத்திரையை இனிமே தொடவே கூடாது."

"வெய்யில்ல கெடந்ததாலதான் இப்டி ஆச்சா?"

"அப்படித்தான்னு இப்ப என்னால சொல்ல முடியாதுங்க. அதையும் சேத்து வேற காரணமும் இருக்கலாம். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட சொல்லக் கூடாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கோம்" என்றார் டாக்டர். மாமாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும் அன்றைக்குப் பிடிக்கவில்லை. ஒரு காரணம் தெரிந்தால் அதன்மேல் கோபப்படவாவது செய்யலாம் என்றிருந்தது.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "எம் பொண்ணுக்கு இது வருமா மேடம்? இவளுக்கும் வருமா?" என்று என்னைக் காட்டினாள். பரம்பரையாக வரும் வகை மாதிரித் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னதும், "அப்ப சரி" என்று எழுந்து டீ போடப் போய்விட்டாள்.

இனிமேல் கொல்லைக்குப் போக வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். அவள் கேட்கவில்லை. வெட்டு என்பது ஜோடி வேலை. ஒருவர் வெட்ட ஒருவர் கட்ட வேண்டும்.

"ஒத்த ஆளா போனா உங்க மாமாவ எவன் செட்டுல சேத்துப்பான்? இந்த வெட்டு முடியட்டும். அப்பறம் வூட்லயே கெடக்கறன்" என்றாள். டாக்டரிடம் போய் நின்றேன். அவராலும் தடுக்க முடியவில்லை. வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லத்தான் முடிந்தது.

தண்ணீர் விஷயத்தில்தான் டாக்டருக்கு ஒரு குழப்பம் இருந்தது. கொல்லையில் எங்கள் குழு கேன் கேனாக நல்ல தண்ணீர் வைத்தது. சாயங்காலம் கேன்கள் காலியாகத்தான் இருக்கும். ஆனாலும் பெண்களின் எடை சாயங்காலத்தில் ஆண்களைவிட அதிகமாகக் குறைந்திருக்கும். "தண்ணி பக்கத்துலயே இருக்கு. அப்புறம் ஏன்?" என்று என்னிடம் பலமுறை கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய ஒன்று, காரணமாகக் கண்ணில் படுவதில்லை.

கடைசியில் ஒருநாள் டாக்டர் தானே பட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். பெண்களோடு சேர்ந்து ஒரு பகல் முழுக்க வேலை செய்து பார்க்கிறேன் என்றார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, அக்காவோடு சேர்ந்து கட்டுக் கட்ட ஆரம்பித்தார். சோகை அறுத்துக் கையெல்லாம் கோடு விழுந்தது. "வுடுங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் விடவில்லை.

மதியத்துக்கு முன்னாலேயே அவருக்குத் தலை சுற்றியது. கட்டைத் தூக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அக்காதான் ஓடிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்து, வரப்போரத்துப் புங்கமர நிழலுக்கு நடத்திக்கொண்டு போனாள். தலையில் தண்ணீர் ஊற்றினாள், துண்டால் விசிறினாள். நான் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் அக்கா கேட்டாள்.

"காலைலேந்து தண்ணியே குடிக்கலியா மேடம் நீங்க?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லம்மா. சுத்தி ஆம்பளைங்க இருந்தாங்க. பாத்ரூம் வந்தா எங்க போறதுன்னு தெரியல. அதான் குடிக்காம இருந்துட்டேன்."

அக்கா சிரித்துவிட்டாள். "நாங்களும் அப்டித்தான் மேடம். காலைல வூட்ல குடிச்சா உண்டு. அப்பறம் வூட்டுக்குப் போய்த்தான்."

"வெட்டாத கரும்புக்குள்ள போகலாமே?"

"உள்ள பாம்பு கீது. வெளிய இவங்க கீறாங்க. எதுக்கு வம்புன்னு வாய மட்டும் நனச்சிக்குவோம்."

"எத்தனை வருஷமா இப்படி?"

"கொல்லைக்கு வந்ததுலேந்து இப்டித்தான்."

டாக்டர் சிரிக்கவில்லை. சுற்றி நின்ற மற்ற பெண்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஏதோ எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை இவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்பது போலச் சொன்னார்கள். பிறகு அவர் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்த் தன் பேராசிரியருக்குப் போன் செய்தார். "நாம தண்ணி மட்டும்தான் சார் வெச்சோம்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்த வாரமே நாலு கம்பும் நீலத் தார்ப்பாயும் கொண்ட மறைப்பு ஒன்று வந்தது. உள்ளே வாளியும் குவளையும். வெட்டு நகர நகர இதையும் பிடுங்கிக்கொண்டு போய் நட வேண்டும். செட்டை நடத்தும் மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை.

"இத்த வேற தூக்கிக்கினு அலையணுமா?" என்றார்.

"நீங்க தூக்க வாணாம். நான் தூக்கறன்" என்றாள் அக்கா.

முதல் நாள் ஒரு பெண்கூட அதன் பக்கம் போகவில்லை. ஆண்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கேனைத் திறந்து ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் பிடித்து, எல்லார் முன்னாலும் நின்றபடி முழுவதையும் குடித்தாள். வேலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நேராக நடந்து தார்ப்பாய்க்குள் போனாள். திரும்பி வந்து விட்ட கட்டை எடுத்துக் கட்டினாள். மாமா வெட்டுவதை நிறுத்தி, சிரித்துக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அதன்பிறகு மலையிலிருந்து வந்த ஒரு பெண் போனாள். பிறகு இன்னொருத்தி. அந்த வெட்டு முடிவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் வேலையை நிறுத்தி நிழலில் உட்காருவதற்கும் மேஸ்திரி ஒத்துக்கொண்டார். சாயங்காலம் எடை மெஷினில் பெண்கள் ஏறும்போது நானே வித்தியாசத்தைப் பார்த்தேன்.

ஆனால் அக்காவுக்கு அது ரொம்பத் தாமதம்.

மறு வருடம் அவள் முகம் வீங்க ஆரம்பித்தது. சாப்பாடு பிடிக்கவில்லை, வாயெல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறது என்றாள். மருந்தும் பத்தியமும் கொஞ்ச காலம்தான் தாக்குப்பிடித்தன. கையில் ரத்தக் குழாயைச் சேர்த்துச் சின்ன ஆபரேஷன் செய்து, கள்ளக்குறிச்சியில் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் காலையில் நானும் அவளும் பஸ் ஏறிவிடுவோம். மெஷின் அவள் ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திரும்பக் கொடுக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கரும்புக் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு லாரிப் பலகையில் ஏறியவள், பஸ் படியில் ஏற என் தோளைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

டயாலிசிஸில் இருக்கிறவர்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் வெளியே போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். சாப்பாட்டில் இருக்கும் நீரையும் கணக்கில் சேர்த்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அளந்து கொடுப்பது நான். சித்திரை வெயிலில் அவள் உதடு வெடித்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். சின்ன ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போடுவேன். அது கரைந்ததும் டம்ளரைப் பார்ப்பாள். நான் டம்ளரைத் தள்ளி வைப்பேன்.

ஒருநாள் அவள் சொன்னாள், கோபமாக இல்லை, சும்மா பேசுவது போலத்தான். "அப்ப பக்கத்துலயே கேன் கேனா இருந்துச்சு, நான் குடிக்கல. இப்ப குடிக்கணும் போல கீது, நீ குடுக்க மாட்டன்ற."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். திரும்பி வந்தபோது அவள்தான் எனக்குத் தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள்.

என் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்றேன். மாமா தருகிறேன் என்றார், அவருக்குச் சர்க்கரை இருந்ததால் முடியாது என்றுவிட்டார்கள். மகளைக் கேட்கவே கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். அக்கா என் பேச்சைக் கேட்டதும் திட்டித் தீர்த்தாள். கல்யாணம் ஆகவேண்டியவள் என்றாள். ஊர் என்ன சொல்லும் என்றாள். டாக்டர் வந்து நிதானமாக எடுத்துச் சொன்ன பிறகு, சோதனை மட்டும் செய்துகொள்ளட்டும் என்று இறங்கி வந்தாள். என் ரத்தம் அவளோடு பொருந்தியது. என் சிறுநீரகங்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும் அக்கா அழுதுவிட்டாள். நோய் வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இன்னாத்துக்குக்கா அழுவுற? பொருந்திடுச்சின்னு சொல்றாங்க."

"அதுக்கில்லடி. நீயும் லீவுல என்கூட வந்து கட்டுக் கட்டுனவதான? உன்க்கும் எதுனா ஆயிருக்குமோன்னு இத்தினி நாளா நெஞ்சுக்குள்ளயே வெச்சிக்கினு இருந்தன்."

மிச்சச் சோதனைகளுக்காக இரண்டு தடவை சென்னைக்குப் போய் வந்தோம். உளுந்தூர்பேட்டையில் பஸ் நிற்கும்போது அவள் அரை டம்ளர் டீ கேட்பாள். அந்த நாளின் அளவில் அதைக் கழித்துக்கொண்டு வாங்கித் தருவேன். சூடு ஆறும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மெதுவாக, தீர்ந்துவிடப் போகிறதே என்கிற மாதிரிக் குடிப்பாள். ஆபரேஷன் முடிந்ததும் முதலில் என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒரு சொம்பு மோரு" என்றாள்.

ஆபரேஷன் நடக்கவில்லை. புரட்டாசியில் அவளுக்குக் குளிரோடு காய்ச்சல் வந்தது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குக் கிருமித் தொற்று வரும் ஆபத்து எப்போதும் உண்டு என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நர்ஸுகளும் டாக்டர்களும் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. ஐ.சி.யூ.வில் என்னை உள்ளே விட்டபோது நினைவு இருந்தது அவளுக்கு.

"வெட்டு ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லக்கா. தை ஆவும்."

"அந்தத் தார்ப்பாயி ஓரம் கிழிஞ்சி கீது. பொம்பளைங்க கூச்சப்படுவாளுங்க. தச்சி வை."

"தச்சிடறன்க்கா."

மறுநாள் காலை அவள் போய்விட்டாள்.

அவளை எடுத்த அன்று டாக்டர் வந்திருந்தார். செட்டில் இருந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், மலையிலிருந்தும் இறங்கி வந்திருந்தார்கள். டாக்டர் மாமாவின் பக்கத்தில் மண்தரையில் உட்கார்ந்தார். மாமாதான் பேசினார்.

"இப்பனாச்சும் தெரிஞ்சிதுங்களா மேடம், வெய்யிலாலதானான்னு?"

"இன்னும் முழுசா தெரியலைங்க" என்றார் டாக்டர். அவர் கண்ணீர் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது. "இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

மாமா தலையை ஆட்டினார். இந்தத் தடவை அந்தப் பதில் அவருக்குக் கோபத்தைக் கொடுக்கவில்லை. "நல்லாப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

தார்ப்பாயைத் தைத்தேன். தை மாதம் அதே அடிவாரத்தில் வெட்டு ஆரம்பித்தது. ஐஸ் பெட்டியோடு நான் போய் இறங்கினேன். முதல் வருடம் ஊசியைப் பார்த்து ஒதுங்கியவர்கள் அன்றைக்குத் தாங்களாகவே கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. மாமாவும் நின்றார். ஜோடி இல்லாததால் அவருக்கு வெட்டு இல்லை, லாரியில் பாரம் ஏற்றத்தான் வந்திருந்தார்.

அந்த வரிசையில் மலைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவளுடைய கிரியாட்டினின் கொஞ்சமாக ஏறியிருந்தது. மறுபடியும் பார்த்தோம், அப்படியேதான் இருந்தது. ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கவில்லை. ஆரம்ப நிலைதான், இப்போதே பார்த்துக்கொண்டால் நன்றாகவே இருக்கலாம் என்று டாக்டர் அவளிடம் சொன்னார். வலி மாத்திரையை அவள் அன்றோடு விட்டாள். அவள் புருஷன் வெட்டை விட்டு வேறு வேலை தேடிக்கொண்டான். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மலையிலிருந்து பஸ் ஏறி வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறாள். அளவு ஏறவில்லை. போன முறை இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

அவளுடைய ரிசல்ட் நன்றாக வரும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அந்தச் சந்தோஷத்துக்குள்ளே, சொல்லக் கூச்சமாக இருக்கிற ஒரு பொறாமையும் இருக்கிறது. அவளை இத்தனை சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோமே என்று இருக்கும். அப்புறம் என்மேலேயே கோபம் வரும். அவள் என்ன செய்வாள் பாவம்.

ஆராய்ச்சியின் முடிவு என்னவாக வரும் என்று எனக்குத் தெரியாது. ஊர் ஊராகப் போய்ப் பெண்களை உட்காரவைத்து, வலி இல்லாவிட்டாலும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள் என்று சொல்வதும் இப்போது என் வேலையாகிவிட்டது. "ஒன்னுமே பண்ணலியே எனக்கு, இன்னாத்துக்குப் பாக்கணும்?" என்று யாராவது ஒருத்தி எல்லா ஊரிலும் கேட்கிறாள். அப்போது நான் என் அக்காவின் கதையைச் சொல்கிறேன். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள், இன்றைக்கு வரைக்கும் பழகவில்லை. பழகாமல் இருப்பதும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு, அடுத்தவள் நீட்டும் கையைப் பிடித்து நரம்பைத் தேடுகிறேன்.